வியாழன் ஆறு மணி ஸ்லாட்: குணமான கிளையன்ட்டை அனுப்ப மனசு வரல, காரணம் காசா?

ஆறுமணி_ஸ்லாட்

ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், முதல் தடவை எழுதறேன், நீளமா போனா மன்னிச்சுக்கோங்க.

சம்பள வேலையை விட்டுட்டு சொந்தமா தெரபி பிராக்டிஸ் ஆரம்பிச்சு ஒன்பது மாசம் ஆகுது. முதல் மாசம் வாரத்துக்கு 4 செஷன், இப்போ 13. ரூம் வாடகை, சூப்பர்விஷன் (என் கேஸைப் பத்தி மூத்த தெரபிஸ்ட்கிட்ட பேசி வழிகாட்டல் வாங்கறது) ஃபீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் போக கையில ஏதாவது நிக்கணும்னா 18 வேணும். கணக்கு போட்டு போட்டு அந்த 18ங்கற நம்பர் கனவுலயே வருது.

விஷயம் என்னன்னா, ஒரு கிளையன்ட் (அடையாளம் தெரியாத மாதிரி எல்லாத்தையும் மாத்திட்டேன், முக்கியமானதை மட்டும் சொல்றேன்). டிப்ரெஷனோட வந்தாங்க. முதல் நாள் பிஹெச்க்யூ-9 (டிப்ரெஷன் எவ்ளோ இருக்குன்னு பாக்கற ஒன்பது கேள்வி ஃபார்ம், நம்பர் குறைஞ்சா நல்லது) ஸ்கோர் 17. இப்போ 22 செஷன் முடிஞ்சிருக்கு, கடைசி மூணு தடவையும் ஸ்கோர் 4, 3, 3. தூங்கறாங்க, வேலைக்கு போறாங்க, சிரிக்கறாங்க. செஷன்ல என்ன பேசறோம்னு பாத்தா ஆபீஸ் கதை, சொந்தக்காரங்க கதை. போன வாரம் உள்ள வந்து உக்காந்து "இன்னிக்கு என்ன பேசறதுன்னே தெரியல"ன்னாங்க.

அதுக்கு நான் என்ன கேட்டிருக்கணும்னு எனக்குத் தெரியும். ஆனா நான் சொன்னது, "ஒண்ணும் இல்லைன்னு தோணற நாள்ல தான் சில சமயம் முக்கியமானது வெளிய வரும்". பொய் இல்ல, உண்மையாவே நடக்கறது தான். ஆனா அதைச் சொன்ன நிமிஷத்துல என் மண்டைக்குள்ள ஓடினது அடுத்த மாச வாடகை.

அன்னிலேர்ந்து தூக்கம் சரியில்ல. நான் தெரபி பண்றேனா, இல்ல ஒரு நாற்காலியை காலியாகாம பாத்துக்கறேனா? சொந்தமா பிராக்டிஸ் பண்றவங்க யாராவது நேர்மையா பதில் சொல்லுங்க.

பழையபெஞ்சு

நேர்மையா சொல்லணும்னா, ஆமா, பண்ணியிருக்கேன். 20 வருஷத்துக்கு மேல ஆச்சு இந்தத் தொழிலுக்கு வந்து, முதல் ரெண்டு வருஷத்துல குறைஞ்சது மூணு பேரை தேவைக்கு மேல இழுத்திருக்கேன்னு இப்போ திரும்பிப் பாக்கும்போது தெரியுது. அப்போ தெரியல. அப்போ எனக்குள்ள "ஆழமான வேலை நடக்குது"ன்னு சொல்லிக்கிட்டேன். நீங்க அந்த நிமிஷத்துலயே வாடகை ஓடினதை கவனிச்சிருக்கீங்க, அதுவே பெரிய விஷயம்.

ஒண்ணு கேக்கறேன். பழைய வேலையில இதே ஆள் வந்திருந்தா எப்போ முடிச்சிருப்பீங்க?

ஆறுமணி_ஸ்லாட்

அங்க 12 செஷன் தான் அனுமதி சார். ரொம்ப கேட்டா 16. வெளிய வெயிட்டிங் லிஸ்ட் நீளமா இருக்கும், மேனேஜர் மாசாமாசம் லிஸ்ட் எடுத்துட்டு வந்து இவங்களை ஏன் இன்னும் முடிக்கலன்னு கேப்பாங்க.

பழையபெஞ்சு

அதான் பாத்தீங்களா. அங்க வரிசை உங்களை சீக்கிரம் முடிக்கச் சொல்லி தள்ளிச்சு, இங்க காலி ஸ்லாட் முடிக்காதேன்னு பிடிச்சு இழுக்குது. ரெண்டுமே காசு தான், ரெண்டுமே கிளையன்ட்டோட மனசுக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லாதது. அங்க இருந்தப்போ "நான் சுத்தமா முடிவெடுத்தேன், இங்க வந்து கெட்டுப்போயிட்டேன்"னு நினைச்சுக்காதீங்க, அங்க உங்க பேராசைக்கு பதிலா மேனேஜரோட எக்ஸெல் ஷீட் முடிவெடுத்துச்சு, அவ்ளோ தான் வித்தியாசம்.

சும்மா_வந்தேன்

இதுக்குத்தான் நான் தெரபிக்கே போறதில்ல. நல்லாயிட்டாலும் விட மாட்டாங்கன்னு அவங்களே ஒத்துக்கறாங்க பாருங்க 😂

நூல்கண்டு

@சும்மா_வந்தேன், இப்படி ராத்திரி தூக்கம் கெட்டு பொதுவுல வந்து கேக்கற ஆள்கிட்ட தான் நான் போவேன். கேக்காத ஆளுங்க தான் பயம்.

விஷயத்துக்கு வரேன். @ஆறுமணி_ஸ்லாட், அவங்களுக்கு இது எத்தனாவது தடவை? டிப்ரெஷன் திரும்பித் திரும்பி வர்ற ஒண்ணு, அதனால ஸ்கோர் இறங்கின உடனே கையசைச்சு அனுப்பறதும் தப்பு தான். முதல் தடவையா, மூணாவது தடவையாங்கறதைப் பொறுத்து எல்லாமே மாறும். 2000ல டீஸ்டேல், சீகல், வில்லியம்ஸ்ங்கற சைக்காலஜிஸ்ட் குழு பண்ணின ஆய்வு ஞாபகம் இருக்கா, நல்லான பிறகு திரும்ப வராம இருக்க 8 வார மைண்ட்ஃபுல்னஸ் (இப்போ நடக்கறதை மட்டும் கவனிக்கற தியானம் மாதிரி) பயிற்சி குடுத்தாங்களே. ஏற்கெனவே 3 தடவையோ அதுக்கு மேலயோ வந்தவங்களுக்கு நல்லா பலன் குடுத்துச்சு, ரெண்டே தடவை வந்தவங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியல. அதாவது நல்லான பிறகும் வேலை இருக்கு, ஆனா எல்லாருக்கும் ஒரே வேலை இல்ல. "இன்னும் கொஞ்ச நாள் வரட்டும்"ங்கறதும் "திரும்ப வராம இருக்க இன்னின்ன பண்ணப்போறோம்"ங்கறதும் வேற வேற.

ஆறுமணி_ஸ்லாட்

இது ரெண்டாவது தடவை. முதல் தடவை ஏழெட்டு வருஷம் முன்னாடி, தானா சரியாச்சுன்னு சொன்னாங்க. நீங்க சொல்ற மாதிரி திரும்ப வராம இருக்கறதுக்கான வேலை 18வது செஷனுக்குள்ளயே முடிச்சுட்டோம், எச்சரிக்கை அறிகுறி எல்லாம் எழுதி கைல குடுத்தாச்சு. அதனால அந்த சாக்கும் எனக்கு இல்ல.

எக்ஸெல்_ராஜா

எல்லாரும் தத்துவம் பேசறீங்க, நான் கணக்கு பேசறேன். 13லேர்ந்து ஒருத்தர் போனா 12. உங்க பிரச்சனை அந்த ஒரு ஆள் இல்ல, புதுசா ஆள் வர்ற வழி ஒழுங்கா இல்லாதது. மாசத்துக்கு எத்தனை என்கொயரி வருது, அதுல எத்தனை பேர் முதல் செஷனுக்கு வராங்க, எத்தனை பேர் மூணாவது செஷனைத் தாண்டறாங்க, இந்த மூணு நம்பரும் கைல இருக்கா? அப்பறம் கேன்சல். 13 புக் ஆனா 13 பேரும் வராங்களா?

ஆறுமணி_ஸ்லாட்

வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு கேன்சல் ஆகும். 24 மணி நேரம் முன்னாடி சொல்லலன்னா முழு ஃபீஸ்னு ஃபார்ம்ல எழுதியிருக்கேன், கையெழுத்தும் வாங்கறேன், ஆனா இதுவரைக்கும் ஒரு தடவை கூட வசூல் பண்ணினதில்ல. கேக்கவே கூச்சமா இருக்கு. பாவம் உடம்பு சரியில்லன்னு சொல்றாங்க, எப்படி கேக்கறது.

எக்ஸெல்_ராஜா

ஆக வராதவங்க விட்ட ஓட்டையை, வர்ற ஒரு நல்லான ஆளை வெச்சு அடைக்கறீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, நம்பர் அப்படித்தான் சொல்லுது.

ஆறுமணி_ஸ்லாட்

ஐயோ. இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

பழையபெஞ்சு

ராஜா தம்பி நல்லா பிடிச்சார். இந்தக் கூச்சம் ரொம்ப பழசு. சைக்கோஅனாலிசிஸ் ஆரம்பிச்ச ஃபிராய்டு 1913லயே சிகிச்சையை எப்படி ஆரம்பிக்கறதுன்னு ஒரு கட்டுரை எழுதினார், அதுல இந்த ஃபீஸ் பேச்சும் வருது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு மணி நேரத்தை ஒதுக்கிட்டா அது அவங்களோடது, வந்தாலும் வரலன்னாலும் அதுக்கு அவங்க பொறுப்புங்கறார், கிட்டத்தட்ட வாடகை மாதிரி. செக்ஸ் விஷயத்துல எப்படி மழுப்பறோமோ அதே மாதிரி தான் படிச்சவங்க காசு விஷயத்துலயும் மழுப்பறாங்க, அதனால டாக்டரே முதல்ல வெளிப்படையா பேசணும்னும் சொல்றார். அவர் சொன்ன எல்லாத்தையும் ஏத்துக்கணும்னு இல்ல. நானே உடம்பு சரியில்லாதவங்ககிட்ட முழுசா வாங்கறதில்ல, வருஷத்துக்கு ரெண்டு தடவை மன்னிப்புன்னு வெச்சிருக்கேன், அதை முதல் நாளே சொல்லிடறேன். ஆனா விதி ஒண்ணு எழுதி வெச்சுட்டு அதை நீங்களே நம்பலன்னா கிளையன்ட்டுக்கு அது தெரிஞ்சுடும். அப்பறம் உங்க மத்த எல்லைகளையும் அவங்க நம்ப மாட்டாங்க.

இன்னொரு வேடிக்கை, ஃபிராய்டு கிளையன்ட்டை சோஃபாவுல படுக்க வைக்கறது இருக்கே, அதுக்கு அவரே சொன்ன காரணத்துல ஒண்ணு, தினம் எட்டு மணி நேரம் ஆளுங்க என் மூஞ்சியையே பாக்கறதை என்னால தாங்க முடியலன்னு. பிராக்டிஸ்காரன் பிராக்டிஸ்காரன் தான்.

மழைக்கு_ஒதுங்கியவள்

நான் தெரபிஸ்ட் இல்ல, மூணு வருஷம் தெரபிக்கு போனவ. இந்தப் பக்கத்துலேர்ந்து ஒண்ணு சொல்லலாமா.

எனக்கு நல்லாயிடுச்சுன்னு எனக்கே தெரிஞ்ச பிறகும் நான் ஏழு மாசம் போனேன். அவங்க சொல்லல, நானும் சொல்லல. எனக்கு என்ன பயம்னா, போறேன்னு சொன்னா அவங்க மனசு கஷ்டப்படுமோன்னு. சிரிப்பா இருக்குல்ல, காசு குடுத்து போற இடத்துல அவங்க மனசை நான் பாத்துக்கறேன். ஆனா வாழ்க்கை பூரா அப்படி எல்லார் மனசையும் பாத்துப் பாத்து தான் நான் அங்க போய் உக்காந்தேன்! அதைத்தான் கடைசில பேசியிருக்கணும், பேசாமலே ஒரு நாள் வேலை மாறுதுன்னு பொய் சொல்லிட்டு நின்னுட்டேன். இன்னிக்கும் அது ஒரு மாதிரி உறுத்தல்.

அதனால உங்க கிளையன்ட் "என்ன பேசறதுன்னே தெரியல"ன்னு சொன்னது ஒரு வேளை கதவைத் தட்டினது தான். ஆனா ஒண்ணு, அந்த ஸ்கோர் ஃபார்மை ரொம்ப நம்பாதீங்க. நான் அதை வெளிய உக்காந்து ரெண்டு நிமிஷத்துல நிரப்புவேன், அன்னிக்கு எந்த மூட்ல அவங்களைப் பாக்கப் போறேனோ அதுக்கு ஏத்த மாதிரி.

நூல்கண்டு

@மழைக்கு_ஒதுங்கியவள், இதை எழுதினதுக்கு ரொம்ப நன்றி. எங்களுக்கு பாடத்துல இது வராது.

சேர்த்து ஒண்ணு. நம்ம கணிப்பையும் ரொம்ப நம்பக்கூடாது. 2012ல வால்ஃபிஷ்ங்கற ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் மனநலத் தொழில்ல இருக்கற 129 பேர்கிட்ட, இந்தத் தொழில்ல மத்தவங்களோட ஒப்பிட்டா நீங்க எந்த இடத்துல இருக்கீங்கன்னு கேட்டாங்க. சராசரிக்கு கீழ இருக்கேன்னு ஒருத்தர் கூட சொல்லல. அத்தனை பேரும் சராசரியோ அதுக்கு மேலயோ. ஃபார்மும் பொய் சொல்லும், நம்மளும் நமக்கே பொய் சொல்லிப்போம், அதனால ரெண்டையும் மேஜை மேல வெச்சு கிளையன்ட்டோட சேர்ந்து பாக்கறது தவிர வேற வழி எனக்குத் தெரியல. நான் ஒவ்வொரு ஆறாவது செஷன்லயும் பாதி நேரத்தை அதுக்கு ஒதுக்கறேன். எதுக்கு வந்தீங்க, அது எங்க இருக்கு, இன்னும் என்ன இருக்கு, நான் பண்றதுல எது உதவல. முதல் நாளே இப்படி ஒரு ஏற்பாடு இருக்குன்னு சொல்லிட்டா, "முடிக்கலாமா"ங்கற பேச்சு வெடிகுண்டு மாதிரி வராது.

எக்ஸெல்_ராஜா

விதின்னு ஏதாவது இருக்கா இதுக்கு? எப்போ முடிக்கணும்னு?

பழையபெஞ்சு

ஒவ்வொரு நாட்டுலயும் ஒவ்வொரு மாதிரி எழுதி வெச்சிருக்காங்க, அவங்கவங்க கவுன்சில் விதியைத்தான் பாக்கணும். உதாரணத்துக்கு அமெரிக்கன் சைக்காலஜிக்கல் அசோசியேஷன் நெறிமுறையில 10.10ல இருக்கு. கிளையன்ட்டுக்கு இனி தேவை இல்ல, பலன் கிடைக்கற மாதிரி இல்ல, இல்ல தொடர்ந்தா கெடுதல்னு ஓரளவு தெளிவாத் தெரிஞ்சா முடிக்கணும். "ஓரளவு தெளிவா"ங்கறதுல தான் மொத்த தலைவலியும். ஃபிராய்டே 1937ல, சாகறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, முடியற பகுப்பாய்வு (சைக்கோஅனாலிசிஸ்) முடியாத பகுப்பாய்வுன்னு எழுதிக்கிட்டு தான் இருந்தார். ஒருத்தருக்கு வேலை நகரவே இல்லன்னு இந்தத் தேதியோட முடிஞ்சுதுன்னு கெடு வெச்சாராம், அதுக்கப்பறம் தான் மடமடன்னு விஷயம் வெளிய வந்துச்சாம். ஆனா அந்த ஆள் திரும்பவும் சிகிச்சைக்கு வர வேண்டியிருந்துச்சு, அதையும் அவரே எழுதியிருக்கார்.

1973ல ஜேம்ஸ் மேன்னு ஒருத்தர் இன்னும் ஒரு படி மேல போய், மொத்தமே 12 செஷன் தான், கடைசி தேதி ஆரம்பத்துலயே சொல்லிடணும்னு வெச்சார். முடிவு தெரிஞ்சா தான் வேலை நடக்கும்ங்கறது அவர் கணக்கு. எல்லாருக்கும் பொருந்தாது. ஆனா முடிவைப் பத்தி பேசறதே சிகிச்சையில ஒரு பாகம், கடை மூடற வேலை இல்ல, அது மட்டும் நிச்சயம்.

புதுசா_சேர்ந்தேன்

நான் இப்போ தான் படிப்பு முடிச்சேன், அடுத்த வருஷம் சொந்தமா ஆரம்பிக்கலாம்னு இருந்தேன், இதைப் படிச்சதும் பயமா இருக்கு. ஃபீஸ் குறைச்சு வெச்சா ஆள் நிறைய வருவாங்க, அப்போ இந்தப் பிரச்சனையே வராதுல்ல?

நூல்கண்டு

வேற பிரச்சனை வரும். குறைச்சு வெச்சா 18 செஷன்ல கிடைக்க வேண்டியதுக்கு 30 செஷன் பாக்கணும். செஷன் 50 நிமிஷம்னு சொல்றாங்களே, நோட்ஸ், போன், ரெஃபரல் லெட்டர், நடுவுல எந்திரிச்சு ஜன்னலைப் பாக்கறது எல்லாம் சேர்த்தா ஒண்ணரை மணி நேரம். நான் ஒரு காலத்துல 31 பாத்தேன். அஞ்சாவது மாசம் ஒருத்தர் அழுதுட்டு இருக்காங்க, எனக்கு ஒண்ணுமே தோணல, கடிகாரத்தை மட்டும் பாக்கறேன். மாஸ்லாக்ங்கற சைக்காலஜிஸ்ட் பர்ன்அவுட் (வேலையில கருகிப்போறது) பத்தி சொல்லும்போது மூணு சொல்வாங்க, மனசு வத்திப்போறது, எதிர்ல இருக்கறவங்களை ஆளா பாக்காம கேஸா பாக்கறது, நான் பண்றதுல ஒண்ணுமே பிரயோஜனம் இல்லைங்கற நினைப்பு. நான் ரெண்டாவதுல இருந்தேன். குறைஞ்ச ஃபீஸ் ஸ்லாட் வைக்கணும்னா எண்ணி வைங்க, மூணோ நாலோ, யாருக்குன்னு ஒரு விதியோட. எதிர்ல உக்காந்தவங்க மூஞ்சியைப் பாத்து குறைக்க ஆரம்பிச்சா நல்லா அழத் தெரிஞ்சவங்களுக்கு தான் குறையும்.

முடிஞ்சா முதல் வருஷம் வாரத்துல ரெண்டு நாள் சம்பள வேலை வெச்சுக்கோங்க. இது கோழைத்தனம் இல்ல. வாடகை வேற எங்கேர்ந்தோ வந்தா கிளையன்ட் முன்னாடி உக்காரும்போது மண்டை சுத்தமா இருக்கும்.

பழையபெஞ்சு

அப்பறம் சூப்பர்விஷனை மட்டும் காசு மிச்சம்னு நிறுத்திடாதீங்க. தனியா உக்காந்து பாக்கற தொழில், நாள் பூரா பேசறோம் ஆனா நாம பேசறதுக்கு ஆள் இல்ல. @ஆறுமணி_ஸ்லாட், இந்த வாடகை விஷயத்தை உங்க சூப்பர்வைசர்கிட்ட சொன்னீங்களா?

ஆறுமணி_ஸ்லாட்

இல்ல. கிளையன்ட் நல்லா இருக்காங்கன்னு மட்டும் சொன்னேன். இதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. சரி, புதன்கிழமை சூப்பர்விஷன், அடுத்த நாள் ஆறு மணிக்கு அவங்க. ரெண்டுலயும் பேசிட்டு வந்து எழுதறேன்.

சும்மா_வந்தேன்

நான் ஏதோ கிண்டல் பண்ணலாம்னு வந்தேன், மொத்தத்தையும் படிச்சுட்டு இருக்கேன். என்ன ஆச்சுன்னு எழுதுங்க.

ஆறுமணி_ஸ்லாட் (மூணு வாரம் கழிச்சு)

மன்னிச்சுக்கோங்க, லேட் ஆயிடுச்சு. இதை எழுதலாமான்னு அவங்ககிட்ட கேட்டேன், யாருன்னு தெரியாதுன்னா சரின்னாங்க.

சூப்பர்வைசர் திட்டல. "வாடகை ஓடினது பிரச்சனை இல்ல, அதை என்கிட்ட மறைச்சது தான் பிரச்சனை"ன்னாங்க. சரி, அது ஒரு பக்கம்.

கிளையன்ட்கிட்ட நான் சொன்னது, "நீங்க வந்தப்போ கேட்டது பெரும்பாலும் நடந்திருச்சுன்னு எனக்குத் தோணுது, எப்படி முடிக்கறதுன்னு பேசலாமா, போன தடவை நீங்க சொன்னப்போவே இதைக் கேட்டிருக்கணும், நான் கேக்கல". சந்தோஷப்படுவாங்கன்னு எதிர்பாத்தேன். கோபம்னா கோபம். "ஃபார்ம்ல மூணு வந்துருச்சு, கிளம்புன்னு சொல்றீங்க". அப்பறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்பறம் சொன்னாங்க, ஆறாவது கேள்வி இருக்குல்ல, நம்மளைப் பத்தி நமக்கே கேவலமா தோணுதா, தோத்துப்போயிட்டோம்னு தோணுதான்னு, அதுக்கு மட்டும் எப்பவுமே பூஜ்யம் தான் போடுவாங்களாம், முதல் நாள்லேர்ந்து. ஏன்னா அது டிப்ரெஷன் இல்ல, அது உண்மை, அதை ஃபார்ம்ல எதுக்கு போடணும்னு.

22 செஷன். எனக்கு மொத்த நம்பர் மட்டும் தான் கண்ணுல பட்டிருக்கு, ஒவ்வொரு கேள்வியா ஒரு நாளும் உக்காந்து பாக்கல. 17 வந்தப்போவே அந்த ஒண்ணுல பூஜ்யம் இருந்தது விசித்திரமா தோணியிருக்கணும்.

@மழைக்கு_ஒதுங்கியவள், நீங்க சொன்னதை அப்போ நினைச்சுக்கிட்டேன்.

மழைக்கு_ஒதுங்கியவள்

படிச்சதும் வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது. அவங்க சொன்னாங்கல்ல, அது போதும். நான் சொல்லல.

நூல்கண்டு

ஒன்பதாவது கேள்வி? செத்துப்போகலாம்ங்கற நினைப்பு? அதையும் அப்படியே பூஜ்யம் போட்டிருக்காங்களான்னு நேரடியா கேட்டீங்களா?

ஆறுமணி_ஸ்லாட்

அன்னிக்கே கேட்டேன், ஃபார்ம் இல்லாம வாயால, சுத்தி வளைக்காம. இப்போ இல்லைன்னாங்க, முதல் தடவை டிப்ரெஷன் வந்தப்போ இருந்துச்சாம். அந்த நினைப்பு வந்தா என்ன பண்றதுன்னு சேஃப்டி பிளான் புதுசா சேர்ந்து எழுதினோம், யாருக்கு போன் பண்றதுங்கறது வரைக்கும்.

எக்ஸெல்_ராஜா

அப்போ இழுத்தது சரிதான்னு ஆயிடுச்சே? தொடர வேண்டியிருக்குல்ல?

ஆறுமணி_ஸ்லாட்

அதான் கொடுமை. இப்போ உண்மையாவே வேலை இருக்கு, ஆனா "பாத்தியா வேலை இருக்கு"ன்னு என் மண்டை சந்தோஷப்பட்டப்போ அது யாரோட சந்தோஷம்னு எனக்கே தெரியல. முடிக்கலாம்னு சொன்னதால தான் இது வெளிய வந்துச்சு, முடிக்காம இருந்திருந்தா இன்னும் ஆறு மாசம் ஆபீஸ் கதை பேசியிருப்போம்.

ரெண்டு பேரும் சேர்ந்து இப்படி வெச்சிருக்கோம். இன்னும் எட்டு செஷன், ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, கடைசி தேதி காலண்டர்ல போட்டாச்சு. எதுக்குன்னு அவங்க கையாலயே ஒரு வரி எழுதினாங்க. நாலாவதுல நின்னு பாப்போம், வேற மாதிரி வேணும்னா அப்போ முடிவு பண்ணலாம், அந்த முடிவை நான் மட்டும் எடுக்க மாட்டேன், சூப்பர்விஷன்ல வெச்சுட்டு தான்.

ஆமா, இன்னொண்ணு, போன வாரம் வேற ஒருத்தர் ரெண்டு மணி நேரம் முன்னாடி கேன்சல் பண்ணினாங்க. ஃபீஸ் கேட்டேன். குரல் நடுங்குச்சு. "ஓ ஆமா, அனுப்பிடறேன்"னு சாதாரணமா சொல்லிட்டு அஞ்சு நிமிஷத்துல அனுப்பிட்டாங்க. ஒன்பது மாசமா நான் எதுக்கு பயந்தேன்னே தெரியல.

பழையபெஞ்சு

முதல் தடவை எனக்கும் நடுங்குச்சு. அவங்க மறுபடி கேன்சல் பண்ணினா அப்போ தான் நிஜமான பரீட்சை.

எக்ஸெல்_ராஜா

அப்போ ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வியாழன் ஆறு மணி காலி. அதே மாதிரி ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வர்ற இன்னொருத்தரை அந்த நேரத்துல போட்டுடலாமே, முழு ஸ்லாட் ஆயிடும்.

ஆறுமணி_ஸ்லாட்

நேத்து ஒரு என்கொயரி வந்துச்சு அண்ணா. அவங்களுக்கு காலைல தான் வேணுமாம்.